அமைதியான பல்கலைக்கழகமும் வாய் மூடாத நானும்

பல்கலைக்கழகத் தெரிவு முடிவு வந்த அன்று எங்கள் ஒழுங்கையில் என்னைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா குசினி ஜன்னலைத் திறந்து எதிர் வீட்டுக்குச் செய்தி சொன்னார். எதிர் வீடு மேல்மாடிக்குச் சொன்னது. துறைமுகத்தில் கிளார்க்காக வேலை செய்யும் அப்பா, கிரேன் சத்தத்துக்கு மேலால் கத்திக்கொண்டு இரண்டு முறை போன் எடுத்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு செய்தி பரவுவதற்கு வட்ஸ்அப் தேவையில்லை. நான் மட்டும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையில் உணவு விஞ்ஞானம் என்று இருந்தது. அதற்குக் கீழே மலைநாட்டுப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் என்மேல்தான். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறினால் நாலு மணித்தியாலம், பிறகு பஸ். அந்தத் திசையில் நான் அதற்கு முன் போனது ஒரேயொரு பாடசாலைச் சுற்றுலா. அதிலும் பாதி வழி வாந்தி.

"உணவு விஞ்ஞானம் எண்டா என்ன, சமையலா?" என்று அம்மா கேட்டார்.

"சமையல் இல்லம்மா. டின்ல அடைக்கிறது, பழுதாகாம வைக்கிறது, லேப்ல டெஸ்ட் பண்ணுறது..."

"அப்ப சமையலுக்குப் பிறகு உள்ள வேலை," என்றார் அம்மா. அதைவிட நல்ல விளக்கம் என்னிடமும் இருக்கவில்லை.

அந்த இடம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லவேண்டும். உயர்தரப் பரீட்சை முடிவு வந்ததும் ஒரு விண்ணப்பம் போடவேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் படிப்பு வேண்டும் என்று விருப்ப வரிசையில் எழுதவேண்டும். விருப்ப வரிசையில் என்பதைக் கைநூலில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எங்கள் டியூஷன் வகுப்பில் ஒருவராவது விருப்ப வரிசையில் எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. போன வருடத்து வெட்டுப்புள்ளிப் பட்டியலை எடுப்போம். எந்தப் படிப்புக்கு ஆகக்கூடிய புள்ளி கேட்டார்களோ அது முதலாவது, அடுத்தது இரண்டாவது என்று அப்படியே விண்ணப்பத்தில் இறக்குவோம். குறைந்த புள்ளி கேட்டதை மேலே போட்டால் மார்க்ஸ் வேஸ்ட் என்பது எங்கள் வேதம். நமக்கு அந்தப் படிப்புப் பிடிக்குமா, அந்த ஊர் எங்கே இருக்கிறது என்றெல்லாம் கேட்பது மரியாதையில்லை.

எனக்கு வேண்டியிருந்தது கொழும்பிலேயே உயிரியல். வீட்டிலிருந்து ஒரே பஸ், பின்னேரம் வீட்டுக்குத் தேத்தண்ணிக்கு வந்துவிடலாம். ஆனால் போன வருடம் அதற்குக் கேட்ட புள்ளி, உணவு விஞ்ஞானத்துக்குக் கேட்டதைவிட மயிரிழை குறைவு. ஆகவே மலைநாடு எட்டாவது, கொழும்பு ஒன்பதாவது. விண்ணப்பத்தை டைப் அடித்துத் தந்தவர், சந்தியில் போட்டோகொப்பி, போன் எல்லாம் பார்க்கும் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா. அவருக்கு என்னைப் பாவாடை சட்டைக் காலத்திலிருந்து தெரியும்.

"தங்கச்சி, கொழும்ப மேல போடல்லயா?" என்று கேட்டார்.

"இல்ல நானா, கட்-ஓஃப் படி போடுங்க."

"எட்டாவது கெடச்சா போவீங்களா?"

"எட்டாவது எங்க நானா கிடைக்கப்போகுது."

கிடைத்தது. பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டு வருவார்கள், நம் புள்ளி பொருந்தும் முதல் இடத்தில் நிறுத்திவிடுவார்கள். எனக்கு எட்டில் நின்றது. ஒன்பதாவதைத் தொட்டும் பார்த்திருக்க மாட்டார்கள். பதிவு செய்யப் பதினான்கு நாள் அவகாசம் இருந்தது. செய்யாவிட்டால் அந்த இடம் போய்விடும், அரச பல்கலைக்கழகம் என்ற கதையே முடிந்துவிடும். மறுபக்கம் வெள்ளவத்தையில் ஒரு தனியார் கல்லூரி. என் கூட்டாளிகள் ஐந்து பேர் ஏற்கனவே அங்கே சேர்ந்திருந்தார்கள். செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கனடாவில் இருக்கும் பெரியம்மா சொல்லியிருந்தார். ஆகவே போவதா நிற்பதா என்று நான்தான் முடிவெடுக்கவேண்டும், ஒருவரும் தடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. அதுவும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

முதல் இரண்டு நாளும் தூரத்தை நினைத்துப் பயந்தேன். உண்மையான பயம் மூன்றாம் நாள் வந்தது. எனக்கு இரண்டு வருடம் முன்னால் எங்கள் டியூஷன் வகுப்பில் படித்த ஓர் அக்கா அங்கேதான் இருந்தார். நம்பர் தேடிப்பிடித்து அழைத்தேன். அவர் மெதுவாகப் பேசினார். போனின் சத்தத்தைக் கூட்டினேன். அப்படியும் மெதுவாகத்தான் கேட்டது.

"இங்க ஒரு கரைச்சலும் இல்ல தங்கச்சி. சின்ன கெம்பஸ். பிள்ளைகள் வருவாங்க, படிப்பாங்க, ஹொஸ்டலுக்குப் போவாங்க. அஞ்சு மணிக்குப் பிறகு இலை விழுறதும் கேக்கும்."

"பங்ஷன், சங்கம், அப்பிடி ஒண்டும் இல்லையா அக்கா?"

"இருக்கு. கன பேர் போறதில்ல. இது படிக்க வாறவங்களுக்கு நல்ல இடம்."

"தமிழ்ப் பிள்ளைகள்?"

"எங்கட பெட்ச்ல நாலு பேர். நாலு பேரும் வேற வேற டிப்பார்ட்மென்ட்."

நன்றி சொல்லி வைத்தேன். அங்கே முதலாம் வருடப் பிள்ளைகளை மிரட்டுவார்கள் என்று அவர் சொல்லியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கத்துகிறவர்களைத் திருப்பிக் கத்த எனக்குத் தெரியும். இலை விழும் சத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இந்தப் பயம் மற்றவர்களுக்கு விளங்கவில்லை. நான் வாய் ஓயாத கதைகாரி, கூட்டம் இல்லாமல் இருக்கமாட்டேன், அதனால் பயப்படுகிறேன் என்று நினைத்தார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் பெரிய பயம் படிப்பைப் பற்றியது. நான் வாயால் படிக்கிறவள். முதலாம் வகுப்பிலிருந்து அம்மா குசினியில் நிற்பார், நான் முன்னறை மேசையில் உட்காருவேன். "சத்தமாப் படி, எனக்குக் கேக்கவேணும்" என்பார். வாய் நின்றால் "என்ன, நித்திரையா?" என்று குரல் வரும். அந்தக் காலத்தில் பின்னேரம் ஆறு மணிக்கு எங்கள் ஒழுங்கையில் நடந்தால் எல்லா வீட்டிலிருந்தும் பிள்ளைகள் கத்துவது கேட்கும். ஒரு வீட்டில் வாய்ப்பாடு, ஒரு வீட்டில் ஞானோபதேசம், இன்னொரு வீட்டில் சிங்களப் பாடம். மற்றப் பிள்ளைகள் பத்துப் பதினொரு வயதில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். நான் பத்தொன்பது வயதுவரை விடவில்லை. சிறுநீரகப் பாடத்தை எங்கள் ஒழுங்கை முழுவதும் என்னோடு சேர்ந்து படித்தது. பேலியகொடையிலிருந்து காலையில் மீன் கொண்டுவருகிறவர், நெப்ரோன் என்றால் என்ன நோய் என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டாராம்.

வெள்ளவத்தையில் நான் போன டியூஷன் வகுப்பும் அப்படித்தான். கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் மாடி மண்டபம். படிப்பிக்கும் சேர் மைக்கைப் பிடித்துப் பாதி வசனம் சொல்வார், மண்டபம் நிறைந்த பிள்ளைகள் மீதியைச் சொல்வோம். கரையோர ரயில் போகும்போது சேர் நிறுத்துவார், நாங்கள் நிறுத்தமாட்டோம். நான் முதல் வரிசையில் இருந்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்வேன். கெட்டிக்காரி என்ற பெயர் எனக்கு வந்தது அப்படித்தான்.

அக்காவோடு பேசிய அன்று முதல்முறையாக யோசித்தேன். நான் கெட்டிக்காரியா, அல்லது வெறும் தொண்டையா? அம்மா கேட்காத இடத்தில், கூடச் சொல்ல ஆளில்லாத இடத்தில், வாயை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தை வாசித்தால் எனக்கு ஏதாவது விளங்குமா? அங்கே போய், முதல் பரீட்சையில் கோட்டைவிட்டு, இத்தனை வருடமும் எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறாள் என்று தெரியவந்தால்? அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அம்மா மல்லித்தண்ணி அவித்துத் தந்தார்.

வெள்ளவத்தைக் கல்லூரியில் சேர்ந்த கூட்டாளி ஒருத்தி பின்னேரம் பின்னேரம் அழைத்து அங்கே நடப்பதைச் சொல்வாள். ஆர் ஆரோடு கோபம், கென்டீனில் என்ன ரோல்ஸ், எந்த லெக்சரர் எப்படி நடக்கிறார். "நீ வா டி. உனக்கு அங்க போனா விசர் பிடிக்கும்" என்றாள். அவள் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஒரு மாதத்தில் ஒருநாள்கூட அவள் படித்த எதையும் பற்றிச் சொல்லவில்லை.

ஏழாம் நாள் அப்பா லீவு போட்டார். "போய்ப் பாத்திட்டு வருவம். பாக்காம என்னத்துக்கு அழுறாய்" என்றார். விடியற்காலை ரயில் பிடித்தோம். ரயில் ஏற ஏற எனக்குக் காது அடைத்தது. உயரத்தால் அப்படி வரும் என்று அப்பா சொன்னார். நான் அதையும் கெட்ட சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

வாசலில் காவலாளியிடம் அப்பா சிங்களத்தில் பேசத் தொடங்கினார். துறைமுகத்தில் முப்பது வருடம் கத்திய குரல் அது, வேறு குரல் அவரிடம் இல்லை. "மல்லி, அபே துவ...", தம்பி, எங்கட மகள், என்று ஆரம்பித்ததும் பாதையில் போன நாலு பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்பாவை நினைத்து வெட்கப்பட்டதற்காக அடுத்த நிமிடமே என்மேல் கோபம் வந்தது. உள்ளே போகமுன்னே நான் இப்படி ஆகிவிட்டேன், போனால் என்னாவேன் என்று பயந்தேன்.

அக்கா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா மரத்தடி வாங்கு ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பக்கமும் மரங்கள், ஈரமான பாதை, கட்டிடங்களுக்குள்ளே வகுப்பு நடப்பதாக அக்கா சொன்னார். நடப்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. நூலகத்தில் வாசல் மேசையில் இருந்த பெண்ணிடம் சொல்லி என்னை ஒரு மணித்தியாலம் உட்கார வைத்துவிட்டு அவர் லேபுக்குப் போனார். "இருந்து பாருங்க. அதுதான் இங்க முக்கியமான இடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தட்டிலிருந்து ஓர் ஆங்கிலப் பாடப்புத்தகத்தை எடுத்தேன். பால் ஏன் திரைகிறது என்று ஒரு பக்கம். கண் வரிகளின் மேல் ஓடியது, மண்டைக்குள் ஒன்றும் போகவில்லை. திரும்பவும் மேலிருந்து தொடங்கினேன். ஐந்து தடவை. என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. எப்போது உதடு அசையத் தொடங்கியது, எப்போது அதில் குரல் ஏறியது என்று எனக்குத் தெரியாது. எதிரில் இருந்த பிள்ளை தலையைத் தூக்கினாள். மேசைப் பெண் பக்கத்தில் வந்து குனிந்து, "நங்கி, சத்த நெத்துவ" என்று காதோடு சொன்னார், தங்கச்சி, சத்தம் போடாமல் என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் ஏசியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

முகம் எரிந்தது. பையிலிருந்து என் டியூஷன் குறிப்புகளை எடுத்தேன், தற்செயலாகச் சிறுநீரகம் வந்தது. அது எனக்கு நித்திரையிலும் தெரிந்த பாடம். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மனதுக்குள் முதல் வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. இரண்டாவது வசனம் வரவில்லை. வாயைத் திறந்தால் எல்லாம் வந்திருக்கும் என்று தெரியும், திறக்க வழியில்லை. அந்த நிமிடம் போலப் பிறகு ஒருநாளும் நான் பயந்ததில்லை. இத்தனை வருடமும் படித்தது தலைக்குள் இல்லை, நாக்கில்தான் இருந்திருக்கிறது என்று நினைத்தேன். எழுந்து வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து அழுதேன்.

பன்னிரண்டரைக்கு அக்கா என்னைக் கென்டீனுக்குக் கூட்டிப்போனார். சாப்பாட்டுப் பார்சலோடு இடம் தேடினோம். ஒரு சிங்களப் பிள்ளை வாங்கில் இருந்த பையை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள், பிறகு தன் குறிப்புக் கொப்பியைப் பார்த்தபடி சாப்பிட்டாள். என்ன பெயர், எந்த ஊர், ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு புது முகம் வந்து உட்கார்ந்தால் மூன்று நிமிடத்தில் எந்தத் தேவாலயப் பங்கு, எந்தப் பாடசாலை, தாய் எந்தக் குடும்பம் என்று எல்லாம் வெளியே வந்துவிடும். இவள் எழுந்து போகும்போது தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான். எனக்கு அவமானமாக இருந்தது.

"உங்களுக்கு இங்க கூட்டாளி ஆர் அக்கா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு ஆள் இருக்கா. லேப்ல எனக்குப் பக்கத்தில நிக்கிறவ."

"என்ன கதைப்பீங்க?"

"கனக்க இல்ல. ஆனா நான் ஒரு நாள் வராட்டி ரூமுக்கு வந்து பாப்பா." பிறகு பார்சலை மடித்தபடி சொன்னார்: "பொய் சொல்லக் கூடாது. முதல் ஆறு மாசம் நான் அழுதனான். பிறகு படிக்கத் தொடங்கினன். இப்ப கொழும்புக்கு வந்தா தலையிடிக்குது."

கடைசி வசனத்தை அவர் பெருமையாகச் சொன்னாரா கவலையாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அதுவும் சேர்ந்து பயமுறுத்தியது.

திரும்பி வந்தபோது அப்பா வாங்கில் கால்நீட்டி நல்ல நித்திரை. எழுப்பினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல இடம் மகள். இப்பிடி நித்திரை எனக்கு எத்தின வருஷத்துக்குப் பிறகு" என்றார்.

"நித்திரை கொள்ளுறதுக்கா நான் இங்க வாறன்?" என்று கத்தினேன். சுற்றிவர மரங்கள்தான் இருந்தன, ஆனாலும் என் குரல் எனக்கே அதிகமாகத் தெரிந்தது. ரயிலில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பொல்காவலை தாண்டியதும் அப்பா கடலை வாங்கி மடியில் வைத்தார். நான் தொடவில்லை, பிறகு பசியில் எல்லாவற்றையும் நானே தின்றேன்.

அடுத்த நாள் காலையில் குசினி வாசலில் நின்று, "நான் போகமாட்டன்" என்றேன்.

அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "ஏன்?"

சொன்னேன். நூலகம், பால், உதடு, சிறுநீரகம், எல்லாம். சொல்லச் சொல்லக் கோபம் ஏறியது. பழி போட ஓர் ஆள் தேவைப்பட்டது, கையில் கிடைத்தவர் அம்மா. "எல்லாம் உங்களால. சத்தமாப் படி, சத்தமாப் படி எண்டு சொல்லிச் சொல்லி என்னக் கெடுத்துப்போட்டீங்க. உங்களுக்குக் கேக்காட்டி எனக்குப் படிக்கத் தெரியாது!"

அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உன்ன ஆர் கேட்டது?"

"என்ன?"

"சின்ன வயசில கேட்டனான், ஓம். பெரிய வகுப்புக்குப் போன பிறகு நீ என்ன சொல்லுறாய் எண்டு எனக்கு என்ன விளங்கும்? பாதி இங்கிலீஷ். மிக்சி ஓடும், ரேடியோ பாடும். நீ பாட்டுக்குக் கத்துவாய்."

"பொய். நான் பிழை விட்டா நீங்க 'ம்ம்?' எண்டு கேப்பீங்க. எனக்கு நல்லா ஞாபகம்."

"அது கறிக்கு உப்பு பாக்கிறது."

சிரிக்கவேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த 'ம்ம்'மைக் கேட்டு எத்தனை நூறு தடவை படிப்பதை நிறுத்தியிருப்பேன். நிறுத்தி, சொன்னதைத் திரும்பிப் பார்ப்பேன். பல நேரம் ஒரு பிழை இருக்கும், திருத்துவேன். அம்மா எப்படித்தான் கண்டுபிடிக்கிறாரோ என்று வியந்திருக்கிறேன். வகுப்பில் இதைப் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். அம்மா அகப்பையை நக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். பிழையைக் கண்டுபிடித்தது நான்.

இதனால் பயம் போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை, இடம் மாறியது. இதுவரை என் படிப்புக்கு ஒரு காவல் இருப்பதாக நினைத்திருந்தேன். ஒருவரும் இருக்கவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. பின்னால் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்று நம்பி சைக்கிள் ஓடிய பிள்ளைக்குத் திரும்பிப் பார்த்ததும் வரும் நடுக்கம் அது. தெரிந்த பிறகும் ஓடமுடியுமா என்றுதான் பார்க்கவேண்டியிருந்தது.

ஒன்பதாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு எங்கள் பங்குக் கோயிலுக்குப் போனேன். கொட்டாஞ்சேனையில் அந்த நேரத்தில் அதைவிட அமைதியான இடம் எனக்குத் தெரியாது. நடு வரிசையில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். நூலகத்தில் அழுவதற்கு முன் அந்தப் பால் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தேன், ஏன் எடுத்தேன் என்று தெரியாது. கோயிலில் ஒரு வசதி, உதடு அசைந்தாலும் செபிக்கிறாள் என்று நினைப்பார்கள். அந்த வசதியை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கீழ் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

முதல் இருபது நிமிடம் நூலகத்தில் நடந்ததேதான் நடந்தது. கண் ஓடியது, தலைக்குள் இரைச்சல், காதில் என் இரத்தம் ஓடுவது கேட்டது. எழுந்து ஓடலாம் போல இருந்தது. பிறகு ஒரு வசனத்தை மட்டும் எடுத்தேன். அதில் ஒரு சொல் விளங்கவில்லை, தேடிப் பார்த்தேன். அடுத்த வசனம். கிருமி பாலில் இருக்கும் சீனியைத் தின்று அமிலமாக்குகிறது, அமிலம் கூடும்போது புரதம் கட்டிப்படுகிறது. வீட்டில் தயிர் உறைய வைப்பதும் இதுதான், வெயில் நாளில் பால் திரைந்தால் அம்மா ஏசுவதும் இதைத்தான். தலைக்குள் ஒருவரும் அதைச் சொல்லவில்லை, ஆனாலும் அது அங்கே இருந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. தொண்டையால் படித்திருந்தால் பத்து நிமிடத்தில் பாடமாக்கியிருப்பேன், விளங்கியிருக்குமா என்று சொல்லமுடியாது. உதட்டில் இரத்தம் கசிந்திருந்தது.

இதை எழுதும்போது நான் அந்தப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். அமைதியான இடம் உனக்குச் சரிவந்ததா என்று கொழும்புக்கு வரும்போதெல்லாம் கேட்கிறார்கள். முதல் அரையாண்டில் ஒரு பாடம் கோட்டைவிட்டேன், நான் பயந்தபடியே. உலகம் அழியவில்லை, திரும்ப எழுதினேன். கூட்டாளிகள் இரண்டே பேர். இரண்டு பேரும் கதைகாரிகள் இல்லை, நான் கதைப்பதைக் கேட்பார்கள், போதும் என்றால் போதும் என்பார்கள். நூலகத்துக்குள் போகும்போது இப்போதும் உதட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வேன். சரிவந்தது என்று சொல்லலாம். பயமில்லாமல் சரிவந்தது என்று சொல்லமாட்டேன்.

ஆனால் மனதில் நிற்பது பதிவு செய்த நாள்தான். பதின்மூன்றாம் நாள் பின்னேரம், முன்னறை மேசையில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். அம்மா எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பெயர், விலாசம், பரீட்சை எண். கடைசிப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு சரியாக எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. வெள்ளவத்தைக் கூட்டாளியின் செய்தி ஒன்று மேலே வந்து மறைந்தது. அழுத்தினேன்.

"போட்டாச்சு," என்றேன்.

"ம்," என்றார் அம்மா.

"அம்மா, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்."

"நான் சமாளிப்பன் அம்மா. அழமாட்டன். கிழமைக்கு ஒருக்கா வராட்டியும் மாசத்துக்கு ஒருக்கா வருவன்."

"நீ சமாளிப்பாய். உன்ன நினைச்சுப் பயமில்ல." வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னார். "அப்பா காலம அஞ்சு மணிக்குப் போனா வாறது ஏழு மணிக்கு. நீயும் போனா பகல் முழுக்க இந்த வீட்டில நான் ஆரோட இருக்கிறது?"

பதின்மூன்று நாளாக நான் ஊர் முழுக்கக் கேட்டிருந்தேன். அக்காவை, கூட்டாளியை, அப்பாவை, கோயிலில் கடவுளைக்கூட. அவ்வளவு அமைதி எனக்குச் சரிவருமா என்று. அம்மாவுக்குச் சரிவருமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பதிவு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று திரையில் பச்சை எழுத்தில் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எனக்கும் ஒரு கத்தி எடுத்துவந்து, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினேன். புறப்பட இன்னும் ஆறு கிழமை இருந்தது. என்ன கதைப்பது என்று எனக்கு முதல்முறையாகத் தெரியவில்லை.